முந்தானையில் முடிந்த புளியங்கொட்டைகள்: டாக்டரம்மா பதில்கள்

இம்மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேற்பட்டவை சளி, இருமல், காய்ச்சல் பற்றியவை. மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் மழை விடாமல் பெய்துகொண்டிருக்கும் இந்த வாரங்களில், எங்கள் கிளினிக்கின் வாசல் பெஞ்சில் காத்திருப்பவர்களும் பெரும்பாலும் அதற்காகவே வருகிறார்கள். ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இம்முறை சுவாசப்பாதைத் தொற்றுகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

*

கேள்வி: டாக்டரம்மா, என் பேரனுக்குப் பத்து மாதம். மகளும் மருமகனும் ஈப்போவுக்கு வேலைக்குப் போவதால் பிள்ளையை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். சென்ற மாதம் மூன்று நாள் மூக்கு ஒழுகியது. நான்காம் நாள் மூச்சு வாங்கியதால் மருத்துவமனையில் சேர்த்து, நல்லபடியாக வீட்டுக்குக் கொண்டுவந்தோம். நான் லயத்தில் பிள்ளை வளர்த்தவள். அந்தக் காலத்தில் மூக்கில் இரண்டு சொட்டு நல்லெண்ணெய் விட்டு, சாம்பிராணி காட்டுவோம். இப்போது மகள் எதையும் செய்ய விடுவதில்லை. சாதாரணச் சளி எது, நெஞ்சுச்சளி எது என்று வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது?
– ஒரு பாட்டி, சுங்கை சிப்புட்

பதில்: அம்மா, பிள்ளை நலமாக வீடு திரும்பியது பெரிய நிம்மதி. நீங்கள் கேட்ட கேள்வியை ஒவ்வொரு வீட்டிலும் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். அதனால் சற்று நீளமாகவே பதில் சொல்கிறேன்.

சுவாசப்பாதையைத் தலைகீழாக நட்ட ஒரு பால்மரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூக்கு, சைனஸ் அறைகள், தொண்டை, குரல்வளை ஆகியவை மேல் சுவாசப்பாதை. அதற்குக் கீழே அடிமரம்போல மூச்சுக்குழல் இறங்குகிறது. அது இரண்டாகப் பிரிந்து, கிளை கிளையாகச் சிறுத்து, கடைசியில் இலைகளைப்போன்ற காற்றுப்பைகளில் முடிகிறது. இது கீழ்ச் சுவாசப்பாதை. கிருமி மேலேயே நின்றுவிட்டால் மூக்கொழுகல், தும்மல், தொண்டை வலி, குரல் கம்முதல், இலேசான காய்ச்சல் ஆகியவற்றோடு போய்விடும். குரல்வளைக்குக் கீழே இறங்கினால்தான் இளைப்பும் மூச்சு முட்டலும் வருகின்றன. சிறு பிள்ளைகளின் நுண்குழாய்கள் மிகவும் குறுகியவை. அவற்றின் உட்சுவர் சற்று வீங்கி, கொஞ்சம் சளியும் சேர்ந்தால் காற்று போக வழியிருக்காது. உங்கள் பேரனுக்கு வந்தது பெரும்பாலும் பிராங்கியோலைடிஸ் எனப்படும் நுண்குழாய் அழற்சியாக இருக்கும். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு வரும் இந்த நோய்க்கு ஆர்.எஸ்.வி. என்ற வைரஸே முதன்மையான காரணம். அதே வைரஸ் நல்ல உடல்நிலையில் இருக்கும் பெரியவர்களுக்குப் பெரும்பாலும் வெறும் மூக்கடைப்பாக வந்து போய்விடும். முதல் இரண்டு மூன்று நாள் சாதாரணச் சளியாகத் தெரிந்து, மூன்றாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் இடையில் முற்றுவது இந்த நோயின் இயல்பு. உங்கள் வீட்டில் நான்காம் நாள் மூச்சு வாங்கியது அதனால்தான்.

இனி கண்டுபிடிக்கும் முறை. நெஞ்சில் கேட்கும் ‘கர்கர்’ சத்தத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். மூக்கில் அடைத்திருக்கும் சளியே பல நேரங்களில் நெஞ்சில் ஒலிப்பதுபோலத் தோன்றும். பிள்ளை அழாமல் அமைதியாக இருக்கும்போதோ தூங்கும்போதோ சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறும் நெஞ்சும் ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதம் நிறையாத குழந்தைக்கு நிமிடத்துக்கு 60 மூச்சு அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயது நிறையும்வரை 50 அல்லது அதற்கு மேல், ஒரு வயது முதல் ஐந்து வயதுவரை 40 அல்லது அதற்கு மேல் என்றால் அது வேகமான மூச்சு. உலகச் சுகாதார நிறுவனம் வகுத்திருக்கும் இந்தக் கணக்கை வைத்தே, எக்ஸ்ரே வசதியில்லாத ஊர்களில் சுகாதாரப் பணியாளர்கள் குழந்தைகளின் நிமோனியாவைக் கண்டறிகிறார்கள்.

எங்கள் கிளினிக்குக்கு ஒரு பாட்டி வந்தார். எண்ணிக்கொண்டே போனால் நடுவில் தடுமாறிவிடுகிறது என்பதற்காக, ஒரு மூச்சுக்கு ஒரு புளியங்கொட்டையாகத் தட்டிலிருந்து எடுத்து மடியில் போட்டிருக்கிறார். பக்கத்தில் மூத்த பேத்தி கைப்பேசியில் ஒரு நிமிடத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கிறாள். அந்தக் கொட்டைகளை முந்தானையில் முடிந்துகொண்டு வந்து, முடிச்சை அவிழ்த்து என் மேசையில் கொட்டி, “இவ்வளவு மூச்சு வாங்குது டாக்டரம்மா” என்றார். எண்ணிப் பார்த்தேன், 58 இருந்தன. குழந்தைக்கு ஏழு மாதம். நான் எண்ணியபோதும் ஏறக்குறைய அதுவே வந்தது. காய்ச்சல் அதிகம் இல்லாததால் மற்றவர்கள் இன்னொரு நாள் பார்க்கலாம் என்றிருந்தார்களாம். அந்தக் கொட்டைகள்தான் குழந்தையை அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தன.

எண்ணுவதோடு வேறு சிலவற்றையும் பாருங்கள். மூச்சை இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுகிறதா, மூக்குத் துவாரம் விரிகிறதா, மூச்சுக்கு மூச்சு முனகல் கேட்கிறதா, பால் குடிக்கத் தொடங்கி மூச்சு வாங்கி விட்டுவிடுகிறதா, வழக்கத்தைவிடப் பெம்பர்ஸ் குறைவாக நனைகிறதா என்று கவனியுங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். உதடோ நாக்கோ நீலம் பாய்ந்தாலும், எழுப்பினால் விழிக்காமல் துவண்டு கிடந்தாலும், மூச்சு விட்டுவிட்டு வந்தாலும் 999-ஐ அழையுங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி காய்ச்சல் இருந்தால், வேறு எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும் காத்திருக்கக் கூடாது. இரவில் திடீரென்று நாய் குரைப்பதுபோல இருமல் வந்து, மூச்சை உள்ளே இழுக்கும்போது கரகரத்த ஓசை கேட்டால் அது குரூப் எனப்படும் குரல்வளை வீக்கம். பிள்ளையை அழவிடாமல் மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

எண்ணெய் விஷயத்தில் உங்கள் மகள் பக்கம்தான் நான் நிற்க வேண்டியிருக்கிறது, அம்மா. தண்ணீர் புரையேறினால் பிள்ளை இருமி வெளியே தள்ளிவிடும். எண்ணெய் வழவழப்பாக இருப்பதால் இருமலைத் தூண்டாமலே நுரையீரலுக்குள் இறங்கித் தங்கிவிடுகிறது. அதனால் வரும் எண்ணெய் நிமோனியா ஆன்டிபயாடிக்கால் தீராது, மாதக்கணக்கில் இழுக்கும். நீங்கள் அன்போடு செய்ததை நான் குறை சொல்லவில்லை, ஆனால் இனிமேல் மூக்கில் எண்ணெய் வேண்டாம். அதற்குப் பதிலாக மருந்தகத்தில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு மருந்தைப் பால் கொடுப்பதற்குச் சற்று முன் விட்டால் மூக்கடைப்பு இளகும். பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுங்கள். சாம்பிராணிப் புகை ஏற்கெனவே வீங்கிய நுண்குழாய்களை இன்னும் எரிச்சலூட்டும். தேன் ஒரு வயது நிறையும்வரை வேண்டவே வேண்டாம். அதில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமி கைக்குழந்தைகளின் தசைகளைச் செயலிழக்கச் செய்யும். ஒரு வயதுக்கு மேல், இருமலுக்குப் படுக்கும்முன் அரைத் தேக்கரண்டி தேன் நல்ல மருந்து. கற்பூரமும் மெந்தாலும் கலந்த தைலங்களை இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குத் தடவ வேண்டாம்.

*

கேள்வி: நான் செம்பனைப் பழ லாரி ஓட்டுகிறேன். வயது 34. ஐந்து நாளாகச் சளி. முதலில் தண்ணீராக ஒழுகியது, பிறகு மஞ்சளாகிப் பச்சையாகிவிட்டது. கிளினிக்கில் ஊசியும் போடவில்லை, ஆன்டிபயாடிக்கும் தரவில்லை. வீட்டில் போன வருடம் மீந்த மாத்திரைகள் இருந்தன. அவற்றைச் சாப்பிட்டேன், இரண்டு நாளில் குறைந்துவிட்டது. அப்படியானால் எனக்கு அந்த மருந்து தேவைதானே?
– ஒரு வாசகர், சலாக் வட்டாரம்

பதில்: தம்பி, ஐந்து நாள் சளி இன்னும் இரண்டு நாள் கழித்து, ஏழாம் நாளில் குறைந்திருக்கிறது. மாத்திரை சாப்பிடாமல் இருந்திருந்தாலும் அப்படித்தான் நடந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன். சாதாரணச் சளி ஏழு முதல் பத்து நாளில் தானாகவே அடங்கும். இருமல் மட்டும் மூன்று வாரம்வரை நீடிக்கலாம். இரண்டாம் வாரத்தில் இருமிக்கொண்டிருப்பவர் நோய் முற்றிவிட்டதாக எண்ணி மருந்தைத் தேடி அலைகிறார். உண்மையில் அப்போது கிருமி போய்விட்டிருக்கும். புண்பட்ட மூச்சுக்குழாய் ஆறிக்கொண்டிருக்கும்.

பச்சை நிறத்தைப் பற்றிய நம்பிக்கை மிக ஆழமாக வேரூன்றியிருக்கிறது. கிருமியோடு போராட வரும் வெள்ளை அணுக்களில் பச்சை நிறமுள்ள ஒரு நொதி இருக்கிறது. அந்த அணுக்கள் மடிந்து சளியில் கலக்கும்போது சளிக்கும் அந்த நிறம் ஏறுகிறது. போராட்டம் வைரஸோடு நடந்தாலும் பாக்டீரியாவோடு நடந்தாலும் நிறம் ஒன்றுதான். சளியை உண்டாக்கும் வைரஸ்களில் ரைனோவைரஸ் மட்டுமே 100-க்கும் மேற்பட்ட வகைகளாக இருக்கிறது. ஒன்றுக்கு எதிர்ப்பாற்றல் வந்தாலும் மற்றது காத்திருக்கும் என்பதால்தான் பெரியவர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு மூன்று முறையும் பிள்ளைகளுக்கு ஆறு முதல் எட்டு முறையும் சளி பிடிக்கிறது. ஆன்டிபயாடிக் பாக்டீரியாவை மட்டுமே கொல்லும். இந்த வைரஸ்களை அது தொடுவதில்லை. உங்கள் குடலில் வாழும் நல்ல பாக்டீரியாக்களையும் அழித்து, பிழைத்தவற்றுக்கு மருந்தை எதிர்க்கப் பழக்கிக் கொடுத்துவிட்டுப் போகும். அப்படிப் பழகிய கிருமி நாளைக்கு உங்கள் பிள்ளைக்கு நிமோனியாவாக வந்தால், நம் கையில் இருக்கும் மருந்து வேலை செய்யாது. நான் பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. மருந்து பலிக்காத தொற்றோடு வருபவர்களைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். மீந்த மாத்திரைகளை மருந்தகத்தில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஆன்டிபயாடிக் தேவைப்படும் நிலைகளும் உண்டு. இருமலும் மூக்கொழுகலும் இல்லாமல் கடுமையான தொண்டை வலி, காய்ச்சல், டான்சிலில் வெள்ளைப் படலம், கழுத்தின் முன்புறத்தில் தொட்டால் வலிக்கும் நெறிக்கட்டி ஆகியவை சேர்ந்து வந்தால், குறிப்பாக 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு, அது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவின் தொற்றாக இருக்கலாம். அதைக் கவனிக்காமல் விட்டால் வாதக் காய்ச்சல் வந்து இதய வால்வைக் கெடுக்கும். பென்சிலின் கொடுத்தால் குறித்த நாள் முழுவதும் கொடுக்க வேண்டும். சளி பத்து நாளுக்கு மேல் குறையாமல் முகத்தில் வலி இருந்தாலும், நன்றாகத் தேறிவந்தவர் மீண்டும் காய்ச்சலில் விழுந்தாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். நடுக்கத்தோடு காய்ச்சல், மூச்சை இழுத்தால் விலாவில் குத்தும் வலி, படி ஏறும்போது இதற்கு முன் இல்லாத இளைப்பு, துருப்பிடித்த நிறத்தில் அல்லது இரத்தம் கலந்த சளி ஆகியவை நிமோனியாவின் அடையாளங்கள். அதை உண்டாக்கும் பாக்டீரியாக்களில் முதன்மையானது நிமோகாக்கஸ். வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல், திடீர்க் குழப்பமும் சாப்பாட்டில் வெறுப்பும் மட்டுமே முதல் அறிகுறியாக வருவதுண்டு.

உங்கள் தொழிலை ஒட்டி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சளிக்கும் இருமலுக்கும் கொடுக்கும் பல மாத்திரைகளும் சிரப்புகளும் தூக்கத்தை வரவழைக்கும். மருந்து வாங்கும்போது, “நான் லாரி ஓட்டுகிறேன்” என்று முதலில் சொல்லிவிடுங்கள்.

*

கேள்வி: மழையில் நனைந்தாலும், வாழைப்பழமும் மோரும் சாப்பிட்டாலும் சளி பிடிக்கும் என்று மாமியார் பிள்ளைகளுக்கு எதையும் கொடுக்க விடுவதில்லை. இது உண்மையா?
– ஓர் இல்லத்தரசி, கோலகங்சார்

பதில்: வைரஸ் இல்லாமல் சளி இல்லை, அது வாழைப்பழத்திலோ மோரிலோ இருப்பதில்லை. சளி பிடித்தவரின் தும்மலிலும், மூக்கைத் துடைத்த கையிலும், அந்தக் கை தொட்ட கதவுப் பிடியிலும் இருக்கிறது. மழைக்காலத்தில் எல்லாரும் சன்னலைச் சாத்திக்கொண்டு ஒரே அறையில் நெருங்கியிருப்பதால் அது எளிதாகப் பரவுகிறது. பிள்ளைகள் பழம் சாப்பிடட்டும். சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். குளிர்ந்த பானம் குடித்தால் இருமல் கூடுகிற ஆஸ்துமாக்காரப் பிள்ளை வீட்டில் இருந்தால், அந்தப் பிள்ளைக்கு மட்டும் மாமியாரின் சொல்லைக் கேளுங்கள்.

*

கேள்வி: என் கணவருக்கு 52 வயது, பன்னிரண்டு ஆண்டுகளாக இனிப்புநீர் (நீரிழிவு) இருக்கிறது. தோட்டத்தில் வடிகால் வெட்டும் வேலை. தொடர்மழைக்குப் பிறகு காய்ச்சலும் இருமலும் வந்து எட்டு நாள் ஆகியும் குறையவில்லை. நிமோனியா என்று சேர்த்தார்கள். பிறகு இரத்தத்தில் மண்ணிலிருந்து வரும் கிருமி இருக்கிறது என்று சொல்லி இரண்டு வாரத்துக்கு மேல் ஊசி மருந்து ஏற்றினார்கள். இப்போது மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிடச் சொல்கிறார்கள். மண்ணில் இருக்கும் கிருமி நெஞ்சுக்குள் எப்படி வந்தது? உடம்பு தேறிவிட்டது, மாத்திரையை நிறுத்தலாமா?
– ஒரு வாசகி, சுங்கை சிப்புட் அருகே ஒரு தோட்டம்

பதில்: சகோதரி, உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நிறுத்தக் கூடாது. ஒரு நாள்கூட விடக் கூடாது.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது மெலியோய்டோசிஸ் என்ற நோய். நம் மண்ணுக்கு இது புதியதன்று. 1912-இல் ரங்கூனில் அல்பிரட் விட்மோர் என்ற மருத்துவரும் அவரோடு பணியாற்றிய சி. எஸ். கிருஷ்ணசாமியும் இதை முதன்முதலில் விவரித்தார்கள். 1921-இல் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தில் பணியாற்றிய ஸ்டான்டனும் பிளெட்சரும் இப்போதுள்ள பெயரைச் சூட்டினார்கள். நூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் நாட்டு ஆய்வுக்கூடத்தில் பெயர் பெற்ற ஒரு நோயை, மண்ணில் இறங்கி வேலை செய்யும் நம் மக்களில் பலர் இன்றுவரை கேள்விப்பட்டதில்லை என்பது எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது. அதனால்தான் உங்கள் கடிதத்துக்கு இவ்வளவு இடம் ஒதுக்குகிறேன்.

வெப்பமண்டல நாடுகளின் ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் இந்தக் கிருமி வாழ்கிறது. மழை பெய்யும்போது மேலே வருகிறது. கால் வெடிப்பு, கையில் முள் குத்திய காயம் வழியாக உடம்பில் நுழையும். பலத்த மழையிலும் காற்றிலும் தெறிக்கும் நுண்துளிகளோடு மூச்சிலும் போகும். கொதிக்க வைக்காத தண்ணீரோடு வயிற்றுக்குள்ளும் போகும். எந்த வழியாக நுழைந்தாலும் இரத்தத்தில் கலந்து நுரையீரலில் தங்கக்கூடியது என்பதால், காலில் பட்ட கிருமி நெஞ்சில் நோயாக வெளிப்படுவதில் வியப்பில்லை. பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் காய்ச்சலும் இருமலும் தொடங்கும். கல்லீரலிலும் மண்ணீரலிலும் தோலிலும் சீழ்க்கட்டிகளும் வரலாம். நல்ல உடல்நிலையில் இருப்பவர்கள் பலருக்கு ஒன்றும் ஆவதில்லை. இனிப்புநீர் உள்ளவர்களையும் சிறுநீரக நோய் உள்ளவர்களையும் அதிகமாக மது அருந்துபவர்களையும்தான் இது கடுமையாகத் தாக்குகிறது. மலேசியாவில் இனிப்புநீர் இந்தியர்களிடையேதான் மிக அதிகம் என்பதைச் சேர்த்துப் பார்த்தால், இது யாருக்கு வரும் என்பது விளங்கும்.

இதில் உள்ள சிக்கல் என்னவென்றால், சாதாரண நிமோனியாவுக்குக் கொடுக்கும் பென்சிலின் போன்ற மருந்துகளுக்கு இந்தக் கிருமி அசைந்துகொடுப்பதில்லை. இரத்தத்தையோ சளியையோ ஆய்வுக்கூடத்தில் வளர்த்துப் பார்த்தால்தான் உறுதியாகத் தெரியும். ஆகவே இனிப்புநீர் உள்ளவர் காய்ச்சலோடு மருத்துவரைப் பார்க்கும்போது, “எனக்கு இனிப்புநீர் இருக்கிறது, நான் சேற்றில் இறங்கி வேலை செய்கிறேன்” என்ற இரண்டையும் தானாகவே சொல்ல வேண்டும். எந்தப் பரிசோதனையைச் செய்வது, எந்த மருந்தைத் தொடங்குவது என்பதை அந்த ஒரு வாக்கியம் மாற்றிவிடும்.

ஊசி மருந்து கிருமியின் பெரும்படையை ஒழிக்கும். ஒளிந்திருக்கும் மிச்சத்தை அழிப்பதற்காகவே குறைந்தது மூன்று மாதம் மாத்திரை தரப்படுகிறது. இடையில் நிறுத்தியவர்களுக்கு நோய் திரும்பி வருகிறது. உங்கள் கணவர் வேலைக்குத் திரும்பும்போது முழங்கால்வரை பூட்ஸும் கையுறையும் போடட்டும். சிறு காயத்தையும் தண்ணீர் புகாத பிளாஸ்டரால் மூடட்டும். குடிக்கும் தண்ணீர் கொதித்து ஆறியதாக இருக்கட்டும். கொட்டும் மழையில் வடிகாலில் நிற்க வேண்டாம் என்று மண்டோரிடம் சொல்லட்டும். இவற்றுக்கெல்லாம் மேலாக இரத்தச் சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும்.

*

கேள்வி: என் மாமனாருக்கு 67 வயது. இரண்டு மாதமாக இருமுகிறார். மாலையில் உடம்பு காய்கிறது, இரவில் வேர்த்துக் கொட்டுகிறது, சட்டைகள் எல்லாம் தொளதொளத்துவிட்டன. சிகரெட் குடிப்பவனுக்கு இருமல் இருக்கத்தான் செய்யும் என்கிறார். சளிப் பரிசோதனைக்குப் போனால் ஊரில் பேசுவார்கள் என்று குடும்பத்தில் தயங்குகிறார்கள்.
– ஒரு மருமகள், தைப்பிங்

பதில்: அம்மா, இந்தக் கடிதத்தைப் படித்தபோது என் தந்தையாரைப் பற்றி எழுதியதுபோல இருந்தது. அவர் பால்மரம் வெட்டியவர். அவருடைய இருமலை நாங்களும் சுருட்டு இருமல் என்றே சொல்லிக்கொண்டிருந்தோம். நான்கு மாதத்தில் மூன்று முறை இருமல் சிரப் வாங்கிக் குடித்தார். யாரும் சளியைப் பரிசோதிக்கச் சொல்லவில்லை. வேலையிலிருந்து வந்து, வாசற்படியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றுவார். ஒன்றைக் கழற்றிவிட்டு, மற்றதைக் கழற்ற மூச்சு இல்லாமல் அப்படியே இருப்பார். ஒரு நாள் கைக்குட்டையில் இரத்தம் கண்ட பிறகுதான் காசநோய் என்று தெரிந்தது. அதற்குள் என் தம்பிக்கும் தொற்றியிருந்தது. இருவரும் குணமானார்கள். ஆனால் தந்தையாருக்கு அந்த மூச்சு முழுதாகத் திரும்பவே இல்லை.

இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலுக்குச் சளிப் பரிசோதனை செய்தாக வேண்டும். அதோடு மாலைக் காய்ச்சலும் இரவு வியர்வையும் எடைக் குறைவும் இருந்தால் நாளை என்று தள்ளக் கூடாது. அரசு கிளினிக்கில் ஒரு சிறு டப்பாவைக் கொடுப்பார்கள். காலையில் எழுந்தவுடன் அடிநெஞ்சிலிருந்து இருமி எடுத்த சளியை அதில் கொடுக்க வேண்டும், எச்சிலை அன்று. நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுப்பார்கள். காசநோய் இல்லையென்று தெரிந்தாலும் போனது வீணாகாது. 67 வயதுப் புகைப்பிடிப்பவருக்கு நுரையீரல் அடைப்பு நோயையும் புற்றுநோயையும் பார்த்தாக வேண்டும்.

காசநோயாக இருந்தால் வழக்கமாக ஆறு மாதச் சிகிச்சை. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், பிறகு நான்கு மாதம் இரண்டு மருந்துகள். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும். அது மருந்தின் நிறம், பயப்பட வேண்டாம். முறையாக மருந்து சாப்பிடத் தொடங்கினால் ஏறக்குறைய இரண்டு வாரத்தில் மற்றவர்களுக்குப் பரவுவது வெகுவாகக் குறைந்துவிடும். இது காற்றில் பரவும் நோய். தட்டாலும் தம்ளராலும் பரவாது. ஆகவே அவருக்குத் தனித் தட்டு வைத்து மனத்தை நோகடிக்காதீர்கள். சன்னலைத் திறந்து வைத்து, ஆரம்ப வாரங்களில் முகக்கவரி போடச் சொல்லுங்கள். வீட்டில் உள்ள அனைவரும் பரிசோதனைக்குப் போக வேண்டும். பிறந்தவுடன் போட்ட பி.சி.ஜி. ஊசி குழந்தைகளைக் கடுமையான காசநோயிலிருந்து காக்கும். பெரியவர்களின் நுரையீரலுக்கு அதை நம்பியிருக்க முடியாது.

ஊர் பேசும் என்ற தயக்கத்துக்கு ஒன்று சொல்கிறேன். மாமனாரைத் தனியாக அனுப்பாதீர்கள்; உங்கள் கணவர் வேலைக்கு விடுப்புப் போட்டு, கூடவே போய் வரிசையில் உட்காரட்டும். எங்கள் வீட்டில் யாரும் அப்படிப் போகவில்லை.

*

கேள்வி: கொசுவத்திச் சுருள் ஏற்றினால் பிள்ளைக்கு இருமல் வருகிறது. ஏற்றாவிட்டால் டெங்கி பயம். புகைமூட்டக் காலத்தில் இன்னும் மோசம். என்ன செய்வது?
– ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்: உங்கள் தடுமாற்றம் நியாயமானது. சீனாவிலும் மலேசியாவிலும் விற்கும் சுருள்களைச் சோதித்து 2003-இல் வெளியான ஆய்வு ஒன்று, ஒரு சுருள் எரியும்போது வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடும் அளவுக்குச் சமம் என்று கண்டது. சாத்திய அறையில் இரவு முழுவதும் ஒரு சுருள் என்றால் அந்தப் பிள்ளையின் மூச்சுக்குழாயை நினைத்துப் பாருங்கள். புகை தானாக நோய்க்கிருமியை உண்டாக்குவதில்லை. ஆனால் மூச்சுக்குழாயின் உட்சுவரில் கிருமியையும் தூசியையும் மேலே தள்ளிக்கொண்டிருக்கும் நுண்மயிர்களை முடக்கிவிடுகிறது. அதன்பின் வரும் சாதாரண வைரஸும் எளிதாகக் கீழே இறங்கிவிடும். சுருளுக்குப் பதிலாகப் படுக்கைக்குக் கொசுவலை கட்டுங்கள், சன்னலுக்கு வலையடியுங்கள். டெங்கிக் கொசு பெரும்பாலும் பகலில் கடிப்பது, அதனால் பிள்ளை பகலில் தூங்கும்போதும் வலை வேண்டும். பூச்சாடித் தட்டிலும் பழைய டயரிலும் நிற்கும் தண்ணீரை வாரம் ஒரு முறை கொட்டிவிடுங்கள்.

புகைமூட்டத்தின்போது காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் பிள்ளைகளையும் ஆஸ்துமாக்காரர்களையும் வெளியில் ஓடியாட விடாதீர்கள். 2013 ஜூனில் மூவாரில் அது 746 வரை ஏறி, அங்கே அவசரநிலை அறிவிக்கப்பட்டது பலருக்கு நினைவிருக்கும். துணிக் கவரி அந்த நுண்துகளைத் தடுக்காது. என்95 வகை வேண்டும்.

*

கேள்வி: நான் பாலர் பள்ளி ஆசிரியை. ஒரு பிள்ளைக்கு வந்தால் வகுப்புக்கே வந்துவிடுகிறது. எல்லாச் சளிக்கும் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்ப வேண்டுமா? தடுப்பூசி எதற்கெல்லாம் இருக்கிறது?
– ஓர் ஆசிரியை, கம்பார்

பதில்: டீச்சர், வெறும் மூக்கொழுகலுக்கு அனுப்பத் தொடங்கினால் வகுப்பில் யாரும் மிஞ்ச மாட்டார்கள். காய்ச்சல் இருக்கும் பிள்ளை, இருமி இருமி வாந்தியெடுக்கும் பிள்ளை, விளையாட்டில் நாட்டமில்லாமல் மேசையில் தலை சாய்க்கும் பிள்ளை ஆகியோரை வீட்டுக்கு அனுப்புங்கள். மருந்தில்லாமல் ஒரு முழு நாள் காய்ச்சல் வராமல் இருந்த பிறகு திரும்பி வரட்டும். கைக்குட்டையைவிட முழங்கை மடிப்பில் இருமப் பழக்குங்கள்.

சாதாரணச் சளிக்குத் தடுப்பூசி இல்லை. ஃபுளூ என்னும் இன்புளுவென்சாவுக்கு இருக்கிறது. காலையில் நன்றாக இருந்தவர் மாலையில் கடுங்காய்ச்சலும் உடம்பு முழுவதும் அடித்துப் போட்டாற்போன்ற வலியுமாகப் படுத்தால் அது ஃபுளூவாக இருக்கலாம். கர்ப்பிணிகள், முதியோர், இனிப்புநீர் உள்ளவர்கள் இரண்டு நாளுக்குள் மருத்துவரைப் பார்த்தால்தான் வைரஸ் எதிர்ப்பு மருந்து நன்கு பலன் தரும். ஃபுளூ வைரஸ் உருமாறிக்கொண்டே இருப்பதால் ஊசியை ஆண்டுதோறும் போட வேண்டும். பலன் தொடங்க இரண்டு வாரம் ஆகும். நம் நாட்டில் பருவம் பாராமல் ஆண்டு முழுவதும் ஃபுளூ இருப்பதால் எந்த மாதமும் போட்டுக்கொள்ளலாம். நிமோகாக்கஸ் தடுப்பூசி 2020 டிசம்பர் முதல் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்க்கப்பட்டு, அந்த ஆண்டு ஜனவரி முதல் பிறந்த குழந்தைகளுக்கு இலவசமாகப் போடப்படுகிறது. கக்குவான் இருமலுக்கான ஊசி அதே திட்டத்தில் நெடுங்காலமாக இருக்கிறது. உங்கள் வகுப்பில் சேரும் பிள்ளைகளின் தடுப்பூசிப் புத்தகத்தை முதல் நாளே வாங்கிப் பாருங்கள்; விடுபட்ட கட்டம் இருந்தால் பெற்றோரை அரசு கிளினிக்குக்கு அனுப்புங்கள். காலம் தவறிவிட்டது என்று அங்கே திருப்பி அனுப்ப மாட்டார்கள்; விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து போடுவார்கள்.